பெடலை மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்: ஆக்சிலரேட்டர் சென்சாரை நீங்களே சோதிக்கலாம்

புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது வண்டி மக்கர் பண்ணிவிட்டது. நல்ல சாரல், பின்னால் கேரளாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி வரிசை, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஏனென்று கேட்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். முதல் கியரில் உருட்டி உருட்டிக் கோட்டைவாசல் வந்து ஓரங்கட்டினேன். மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள், பி2138 என்று வந்தது. “அண்ணாச்சி, பெடல் போயிருச்சு, மாற்றணும்” என்று ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு. பெடலில் ஒரு குறையும் இல்லை என்பது அன்று சாயங்காலம் செங்கோட்டையில் வீட்டு வாசலில் வைத்துச் வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டராலேயே தெரிந்துவிட்டது.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். இப்போதைய வண்டிகளில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் போவதில்லை. பெடலின் தலைமாட்டில் இரண்டு சென்சார் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல் என்று மூன்று ஒயர், ஆக மொத்தம் ஆறு. பல வண்டிகளில் ஒரு சிக்னல் மற்றதைப் போல இரண்டு மடங்கு காட்டும். சிலவற்றில் இரண்டும் ஒரே அளவு ஏறும், நடுவில் ஒரு நிலையான இடைவெளி மட்டும் இருக்கும். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ உங்கள் மிதியை நம்பாமல் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். பி2138 என்பது இந்தக் கணக்குப் பிசகைத்தான் சொல்கிறது, ‘பெடலை மாற்று’ என்று சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள், புது பென்டார்ச் செல் ஒன்றை அளந்து பாருங்கள், 1.5 அல்லது 1.6 காட்டினால் மீட்டர் யோக்கியம். மீட்டருக்குள் இருக்கும் பேட்டரி இறங்கியிருந்தால் கூட்டிக் காட்டி உங்களைச் சுற்றலில் விடும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடாமல் இருக்க வேண்டும். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விடும்போது மஞ்சள் நிற பிளக் எதுவும் கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள், அது ஏர்பேக் சமாச்சாரம்.

பெடல் பிளக்கைக் கழற்றக் கூடாது. மாட்டியபடியே, ஒயர் உள்ளே நுழையும் பின்பக்கமாக ஒரு மெல்லிய குண்டூசியை ஒயரை ஒட்டிச் செருகி, அதில் சிவப்பு முனையை வையுங்கள். கறுப்பு முனை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில். ஒயரின் தோலைக் குத்தி அளப்பவர்கள் உண்டு, அது வேண்டாம், இந்தப் பக்கத்து மழைக்கு அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பிடித்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஊசி போதும், இரண்டு ஊசி ஒன்றோடொன்று உரசினால் 5 வோல்ட் எர்த் ஆகிவிடும்.

ஆறு ஒயரையும் வரிசையாகத் தொட்டுப் பேப்பரில் எழுதுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது வண்டிக்கு வண்டி மாறும். கால் வைக்காத நிலையில் இரண்டு ஒயர் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், அவை சப்ளை. இரண்டு ஏறக்குறைய பூஜ்யம், அவை எர்த். அதில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் எங்கோ சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். மிச்சம் இரண்டும் சிக்னல், என் வண்டியில் 0.74, 0.37.

இனி வீட்டில் யாரையாவது சீட்டில் உட்காரவைத்துப் பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். என் தம்பி ரேஸுக்குப் போவதுபோல் ஒரே மிதியாக மிதித்தான், அதில் ஒன்றும் தெரியாது. முதல் சிக்னல் 0.74இல் தொடங்கி 4க்குப் பக்கம் வரை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், விடும்போது அதே இடத்துக்கு இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ ஓரிடத்தில் நின்றாலோ சென்சார்தான் குற்றவாளி. இரண்டாவதையும் அப்படியே பாருங்கள். பாதி மிதியில் எனக்கு 2.10, 1.05 வந்தது, கணக்கு கச்சிதம். டிஜிட்டல் மீட்டர் கொஞ்சம் மந்தம், கண்ணிமைக்கும் நேர விக்கலைப் பிடிக்காது, பழைய முள் மீட்டர் வைத்திருந்தால் அதை எடுங்கள், முள் துள்ளுவது நன்றாகத் தெரியும்.

மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கும் இடத்தில் வைத்து அளக்கலாமா என்றால், வேண்டாம். இப்போது வரும் பல சென்சார்கள் உரசாத வகை, உள்ளே எலெக்ட்ரானிக்ஸ், அவற்றை அப்படி அளந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

எல்லாம் சரியாகக் காட்டுகிறதே என்று அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் புதுப் பெடல் வாங்கியிருப்பேன். அப்புறம்தான் மீட்டரை இரண்டாவது 5 வோல்ட் ஒயரில் வைத்துக்கொண்டு பிளக்குக்கு மேலே உள்ள ஒயர்க் கட்டை அசைத்தேன். 5.00. அசைத்தேன், 3.2. இன்னும் கொஞ்சம், பூஜ்யம். விட்டேன், மறுபடி 5.00. சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால், ஒரு ஒயரின் தோல் கரண்டப்பட்டு இரண்டு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புனலூரில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் இரண்டு நாளாகக் காரிலேயே கிடந்தது, அதைத் தேடி வந்த எலி இதையும் ருசி பார்த்திருக்கிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். சிக்னல் ஒயர் பிளக்குக்கு அப்பால் அறுந்திருந்தால் பெடல் பக்கம் அளக்கும்போது எல்லாம் சரியாகவே காட்டும், ஈசியூவுக்குத்தான் போய்ச் சேராது. அதனால் ஸ்கேனர் கிடைத்தால் லைவ் டேட்டாவில் (அந்த நேரம் ஈசியூவுக்கு வந்து சேரும் அளவு) வரும் வோல்ட்டையும் மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் வேறுபட்டால் பழி நடுவில் உள்ள ஒயர்மேல்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை வெட்டி சால்டர் வைத்து, சுருங்கும் டியூப் போட்டேன். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் வெயிலில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். பிறகு ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு, நேராக மலைக்குப் போகாமல் தென்காசி ரோட்டில் சமதரையில் அரைமணி நேரம் ஓட்டினேன், மஞ்சள் விளக்கு திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறுதான் ஆரியங்காவு ஏறினேன்.