பெங்களூர்ல வளர்ற பசங்களுக்கு சுஜாதாவோட சயின்ஸ் ஃபிக்ஷன எப்படி படிக்க வைக்கறது

வீட்ல தமிழ் நல்லா பேசுவாங்க, ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும், தமிழ்ப் புக்க கைல குடுத்தா எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள மூடி வச்சிடுவாங்க. இங்க பாதி தமிழ் வீட்ல இதான் நிலைமை. என் அக்கா பையனும் அப்படித்தான், ஒன்பதாவது படிக்கறான், அவனுக்கு நான் செஞ்சதத்தான் சொல்றேன்.

மொதல்ல ஆள அறிமுகப்படுத்துங்க. பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி) சர்க்கிள் வழியா போறப்ப கம்பெனிய காட்டி, ஸ்ரீரங்கத்துல வளர்ந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல எலக்ட்ரானிக்ஸ் படிச்ச ரங்கராஜன்னு ஒருத்தர் இந்த கம்பெனிலதான் வேலை பாத்தார், ஓட்டு மெஷின் உருவாக்கினதுல அவருக்கு பெரிய பங்கு உண்டு, சுஜாதாங்கற தன் பொண்டாட்டி பேர்ல கதை எழுதினார்னு சொல்லுங்க. மெஷின உள்ள தெறந்து பாத்த ஆளு எழுதின கதைன்னதும் பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

புக்குக்கு அலசூர் தமிழ்ச் சங்கம் லைப்ரரில கேட்டுப் பாருங்க, இல்லன்னா ஆன்லைன்ல வாங்கலாம். ஆரம்பத்துலயே நாவல் வேணாம், விஞ்ஞானச் சிறுகதைகள்ல ஒண்ணு ரெண்டு போதும், ஒரே உக்கார்ல முடியும். கம்ப்யூட்டர் மாதிரி வார்த்தையெல்லாம் அப்படியே தமிழ் எழுத்துல போட்டிருப்பார், வாக்கியமும் சின்னச் சின்னதா இருக்கும், அதனால மெதுவா படிக்கற பசங்களுக்கும் மூச்சு வாங்காது.

அப்புறம் அவரோட 'என் இனிய இயந்திரா' நாவல். 1980-கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, கதை நடக்கறது 2020-கள்ல, அதாவது நம்ம காலத்துல. வாராவாரம் வந்ததால ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டுத்தான் நிக்கும். அதனால நைட் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு அத்தியாயம், நீங்க ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம், வாய்விட்டுப் படிங்க, கெஞ்சினாலும் அடுத்தது நாளைக்குத்தான். எல்லாத்தையும் விட முக்கியம் இதுதான். நாலாவது நாள் பையன் நான் வர்றதுக்குள்ள தானே படிச்சு முடிச்சிட்டு "மாமா, சிபி எங்க போனான்னு நான் சொல்ல மாட்டேன்"னான், அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அந்தக் கதைல எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேருதான் இருக்கணும்னு அரசாங்கச் சட்டம். நிலா, சிபி, ரவி, ஜீவா, ரோபாட் நாய்க்குக்கூட ஜீனோ. இவன் மனசுக்குள்ள இங்கிலீஷ்ல எண்ணிட்டு "நிலா நாலு லெட்டர் ஆச்சே"ன்னு கேட்டான், பேப்பர்ல நி, லா-ன்னு எழுதிக் காட்டினேன், ஒரு நிமிஷம் பாத்தான், அப்புறம் அவன் பேரு, அக்கா பேரு, கீழ் வீட்டு ஆன்ட்டி பேரு வரைக்கும் தமிழ்ல எழுதி எழுதி எண்ணிட்டு இருந்தான். இந்தச் சட்டம் தமிழ்ல எண்ணினாத்தான் சரியா வரும், மொழிபெயர்ப்புல படிச்சிருந்தா அவனுக்கு இது சிக்கியே இருக்காது.

தெரியாத வார்த்தை வந்தா நிறுத்தி அர்த்தம் சொல்லாதீங்க, கேட்டா மட்டும் சொல்லுங்க. முன்னாடியே கதைய சொல்லிடாதீங்க, குறிப்பா ஜீவா யாருங்கறத. முடிஞ்சதும் அதோட அடுத்த பாகம் 'மீண்டும் ஜீனோ' இருக்கு, அத நாங்க வர்ற சனிக்கிழமை ஆரம்பிக்கறோம், இந்த தடவ மொத பக்கம் அவன்தான் படிப்பானாம்.