கூபர் பீடிக்குச் செல்வது எப்படி: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் பிறந்து வளர்ந்தவருக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் உள்ள கூபர் பீடி என்னும் சுரங்க ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னால், கேட்பவர் எல்லாரும் அங்குள்ள வெயிலைச் சொல்லியே நம்மை அச்சுறுத்துவார்கள். கத்திரி வெயிலில் கோட்டையைச் சுற்றி நடந்து பழகியவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு இரண்டு உள்ளன: ஒன்று தூரம், மற்றொன்று குழி. இவ்விரண்டுக்கும் நம் ஊர் நமக்கு எந்தப் பயிற்சியும் அளிக்கவில்லை என்பதால்தான் இக்குறிப்பை எழுதுகிறேன்.

1915 பிப்ரவரி 1ஆம் நாள், தங்கம் தேடி அப்பகுதிக்கு வந்த ஒரு குழுவில் இருந்த வில்லி ஹட்சிசன் என்ற பதின்வயதுச் சிறுவன் ஓபல் என்னும் வண்ணம் மின்னும் மணிக்கற்களைக் கண்டெடுத்ததிலிருந்து அவ்வூரின் கதை தொடங்குகிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அங்கே வந்து, வெப்பத்திலிருந்து தப்பிக்க மண்ணுக்குள்ளேயே வீடு குடைந்துகொண்டார்கள். ‘குபா பிட்டி’ என்ற பழங்குடிச் சொற்களே கூபர் பீடி என்று திரிந்தன. ‘வெள்ளைக்காரனின் குழி’ என்று அதற்குப் பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாகக் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறோம் அல்லவா? சுரங்க ஊர் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன ஒரே பெருஞ்சுரங்கமும், அதை நடத்திய நிறுவனமும், சங்கு ஊதியதும் இறங்கும் தொழிலாளர் வரிசையுமே. கூபர் பீடியில் அப்படி எதுவும் இல்லை. அங்கே தனி மனிதர்களும் கூட்டாளிகளும் சிறு துண்டு நிலத்துக்கு உரிமம் பெற்று, தங்கள் கைப்பணத்தில் தோண்டுகிறார்கள். கிடைத்தால் ஒரே நாளில் செல்வம், கிடைக்காவிட்டால் பல ஆண்டு உழைப்புக்கும் டீசல் செலவு மட்டுமே மிச்சம்.

செல்வதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 45 பாகையைத் தாண்டும் நாட்கள் வரக்கூடும். அந்தக் காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை தோலிலேயே உலர்ந்துவிடும். எவ்வளவு நீரை இழந்தோம் என்பது தலை சுற்றும்போதுதான் தெரியும். நம் ஊர்ப் பழக்கம் ஏமாற்றும் இடம் இதுவே. ஜூலையில் பகல் இதமாக இருந்தாலும், ஏலகிரியில் கூடப் பார்த்திராத குளிர் இரவில் இருக்கும். கம்பளி ஆடை இல்லாமல் போக வேண்டாம்.

பயணத்துக்குச் சுற்றுலா விசாவை இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டு சென்று சேருவது எளிது. வண்டி ஓட்ட எண்ணினால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப் பொருட்கள் குறித்த சட்டம் மிகக் கடுமையானது. ஊறுகாய், பருப்புப்பொடி, வீட்டு இனிப்பு ஆகியவை இருந்தால் வருகைப் படிவத்தில் ஒளிவுமறைவின்றிக் குறிப்பிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஆம்பூர்ச் செருப்பாக இருந்தாலும் அடியில் மண் ஒட்டியிருந்தால் கேள்வி வரும் என்பதால், அதைக் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லுங்கள்.

இனி தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடிலெய்டிலிருந்து கூபர் பீடி சுமார் 850 கிலோமீட்டர். அதாவது வேலூரிலிருந்து கன்னியாகுமரியையும் தாண்டிச் செல்லும் தொலைவு. ஆனால் கன்னியாகுமரிச் சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தேநீர்க்கடை உண்டு. இங்கே போர்ட் அகஸ்டா என்ற ஊரைக் கடந்த பிறகு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஊர் என்று சொல்லத்தக்கது அரிது. கிளெண்டாம்போ என்ற சிற்றிடத்துக்கும் கூபர் பீடிக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. ஆகவே கிளெண்டாம்போவில் டேங்க் பாதி நிறைந்திருந்தாலும் மீதியை நிரப்பிக்கொண்டே புறப்பட வேண்டும். கைபேசி பெரும்பாலான இடங்களில் வெறும் கடிகாரமாகிவிடும் என்பதால், நிலப்படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வீதம் குடிநீரும், அதற்கு மேல் ஒரு நாளைக்கான கூடுதல் நீரும் வண்டியில் இருக்க வேண்டும். எந்தக் காரணத்தாலாவது வண்டி நின்றுவிட்டால், உதவி தேடி நடக்கத் தொடங்காமல் வண்டியின் நிழலிலேயே காத்திருக்க வேண்டும். அந்த வெளியில் ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பதைவிட ஒரு வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது.

சாலை முழுவதும் தார் போட்டது. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆயினும் பொழுது சாய்ந்த பின் ஓட்டாதீர்கள். கங்காருகளும் ஈமு கோழிகளும் எதிர்பாராமல் குறுக்கே பாயும். வாடகை வண்டி நிறுவனங்கள் பலவும் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டுவதை ஒப்பந்தத்திலேயே தடுத்திருக்கின்றன. ‘ரோடு டிரெயின்’ எனப்படும் தொடர் லாரிகள் 50 மீட்டருக்கும் மேல் நீளம் இருக்கக்கூடும். நம் சென்னை நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் துணிச்சலை அவற்றிடம் காட்டாமல், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் எதிர்ப்பக்கம் காலியாகத் தெரிந்தால் மட்டுமே முந்த வேண்டும். நாங்கள் போர்ட் அகஸ்டாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியலுக்குப் பின் கிளம்பினோம். வழியில் தெரியும் ஹார்ட் ஏரி, வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் உப்புப் படிந்து கிடக்கும். பாலாற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நீரில்லாத ஏரி வியப்பாகத் தோன்றாது. ஓட்ட விரும்பாதவர்கள் அடிலெய்டிலிருந்து சிறு விமானத்தில் செல்லலாம். அதில் இந்தச் சாலையின் தனிமை கிடைக்காது என்பது மட்டுமே என் குறை.

ஊரை நெருங்கும்போது சமவெளி எங்கும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான கூம்பு மண்மேடுகள் கறையான் புற்றுகளைப் போலத் தோன்றும். ஒவ்வொரு மேட்டின் அருகிலும் ஒரு குழி உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும், சில இடங்களில் 30 மீட்டர் ஆழமும் உள்ள இக்குழிகள் இலட்சத்துக்கும் மேல் இருப்பதாகச் சொல்கிறார்கள், பெரும்பாலானவை மூடப்படாதவை. ஓடாதீர்கள், பின்பக்கமாக நடக்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது வேடிக்கைக்காக அல்ல. படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள் என்று சொல்வதும், நிற்பவர் அப்படியே பின்வாங்குவதும் நம் குடும்பச் சுற்றுலாக்களின் வழக்கம் அல்லவா? அந்த வழக்கத்தை அங்கே முழுமையாகக் கைவிட வேண்டும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இருட்டிய பின் சுரங்க வெளிக்குப் போகாதீர்கள், வேலி போட்ட நிலத்துக்குள் உரிமையாளரின் இசைவின்றிக் கால் வைக்காதீர்கள்.

தங்குவதற்கு நிலத்தடி அறையையே தேர்ந்தெடுங்கள். ‘டக்அவுட்’ என்று அவ்வூரார் சொல்லும் இந்தக் குடைவீடுகள் குன்றின் பக்கவாட்டில் குடையப்பட்டவை. வெளியே 45 பாகை ஆனாலும் குளிரானாலும் உள்ளே 23 முதல் 25 பாகைக்குள்ளேயே இருக்கும். மண் உதிராமலிருக்க சுவருக்கு மேற்பூச்சு பூசியிருப்பார்கள்; காற்றுக்கு மேலே குழாய் விட்டிருப்பார்கள். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே தெரியாத இருட்டு சூழ்ந்துகொள்ளும். அன்றிரவு நான் தூங்கியதைப் போல அதற்குப் பின் தூங்கியதில்லை. மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தரைமேல் அறையைக் கேட்டு வாங்கலாம். குடிநீர் அங்கேயும் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்ததுதான், வாணியம்பாடிக்காரருக்கு இது விளக்க வேண்டியதில்லை. ஊரில் மருத்துவமனை உண்டு. ஆனால் கடுமையான நோயாளிகளைப் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுசெல்வார்கள். மருத்துவமனைக்கு நடந்தே போய்ப் பழகிய வேலூர்க்காரர்கள், விமானச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை மறக்காமல் எடுக்க வேண்டும்.

பார்ப்பதற்கு இரண்டு முழு நாட்கள் போதும். உமூனா அருங்காட்சியகத்தையும் பழைய சுரங்கம் ஒன்றையும் முதலில் பார்த்துவிட்டால் மற்றவை புரியும். அங்கிருந்து செர்பியர்களின் பாறைக்குடைவு தேவாலயத்துக்குச் செல்லுங்கள். மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்த பல்லவர் கோயிலைப் பார்த்தவருக்கு, இயந்திரத்தின் பல் தடம் வரிவரியாகத் தெரியும் அந்த மண் சுவர்கள் வேறொரு வகை அழகாகத் தோன்றும். மாலையில் ஊருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள கன்கு பிரேக்அவேஸ் என்ற வண்ணக் குன்றுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அது பழங்குடி மக்களின் புனித நிலம் என்பதால் குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. அருகிலேயே 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் டிங்கோ வேலியையும் காணலாம். ஆடுகளைக் காட்டு நாய்களிடமிருந்து காக்க எழுப்பியது அது.

கொட்டிய மண்ணைக் கிளறி ஓபல் துணுக்கு தேடுவதை அவ்வூரார் ‘நூட்லிங்’ என்கிறார்கள். ஊருக்குள் இதற்கென்றே பொது இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மண்ணை நீரால் நனைத்துச் சூரியனை நோக்கித் திருப்பிப் பார்த்தால் நிறம் மின்னும். நாங்கள் இரண்டு மணி நேரம் குனிந்ததற்குக் கிடைத்தது நகக்கண் அளவு சில்லு ஒன்றே.

வாங்குவதானால் அவசரம் வேண்டாம். நம் நகைக்கடைகளில் சுக்கிரனுக்கு உகந்ததென்று, வைரத்துக்கு மாற்றாகக் காட்டும் கல் இதுதான். நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறி வண்ணம் காட்டுகிறது. முழுக்கல்லை ‘சாலிட்’ என்றும், மெல்லிய ஓபல் தகட்டைக் கரிய நிறக் கல்லில் ஒட்டியதை ‘டப்லெட்’ என்றும், அதன்மேல் கண்ணாடியோ படிகமோ மூடியதை ‘டிரிப்லெட்’ என்றும் விற்கிறார்கள். கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள்; நேர்கோடாக ஒட்டு தெரிந்தால் அது முழுக்கல் அன்று, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். ஒட்டுக்கல்லை நீரில் ஊற வைக்கக் கூடாது. ஒரே கடையில் 300 டாலருக்கும் மேல் வாங்கினால் ரசீதையும் கல்லையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். வாங்கிய 60 நாட்களுக்குள் நாடு திரும்பும்போது விமான நிலையத்தில் அவற்றைக் காட்டிச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறலாம்.