மெய்நிகர் கணினியைக் கண்காணிக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட்: எண்கள் எங்கே ஏமாற்றுகின்றன?

பிழைச் செய்தியைக் கொட்டிவிட்டு நின்றுபோகும் ஸ்கிரிப்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதன் கோளாறை அதுவே சொல்லிவிடுகிறது. ஒரு பிழையும் காட்டாமல் மாதக்கணக்கில் ஓடி, தவறான எண்ணைப் பதிவு செய்துகொண்டே இருக்கும் ஸ்கிரிப்டுதான் ஆபத்தானது. மெய்நிகர் கணினியின் (ஓர் உண்மைக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு இயங்கும் கணினியின்) சிபியு, நினைவகம், வட்டு ஆகியவற்றைக் கண்காணிக்கப் பைத்தானில் பத்து வரிகள் போதும். கணினியின் நிலவரத்தை எண்களாகத் தரும் பிஎஸ்யூட்டில் நூலகம் வேலையை அவ்வளவு எளிதாக்கிவிட்டது. அது தரும் எண் எதை அளக்கிறது, எங்கிருந்து பார்த்து அளக்கிறது என்று கேட்காமல் எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் அழைப்பு தரும் பூஜ்யம்

நிமிடத்துக்கு ஒருமுறை க்ரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாக ஸ்கிரிப்டை ஓடவிட்டு, 'சிபியு_பர்சென்ட்' செயற்கூற்றை இடைவெளி எதுவும் கொடுக்காமல் அழைப்பது மிகப் பரவலான தவறு. லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் சிபியு பயன்பாட்டைச் சதவீதமாக எங்கும் வைத்திருப்பதில்லை. கணினி தொடங்கியதிலிருந்து எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்ற மொத்தக் கணக்கை மட்டும் '/ப்ராக்/ஸ்டாட்' கோப்பில் காட்டுகிறது. சதவீதம் வேண்டுமென்றால் இரண்டு முறை படித்து, வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். முதல் அழைப்பில் ஒப்பிட உருப்படியான முந்தைய அளவு இல்லை. அதனால் வரும் 0.0 பொருளற்றது, அதைப் புறக்கணியுங்கள் என்று நூலகத்தின் ஆவணமே சொல்கிறது. ஆனால் க்ரானில் ஒவ்வொரு ஓட்டமும் புதிய ஓட்டம். ஒவ்வொரு அழைப்பும் முதல் அழைப்பு. பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண் வந்தாலும், அது ஸ்கிரிப்ட் தன்னைத் தானே ஏற்றிக்கொண்ட சில மில்லிநொடிகளின் அளவாகவே இருக்கும்.

இடைவெளியாக 1 நொடி கொடுத்தால் எண் சரியாகிவிடும். ஆனாலும் அறுபது நொடியில் ஒரு நொடியை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். க்ரான் வழியாகத்தான் ஓட்ட வேண்டுமென்றால், மொத்தக் கணக்கை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த ஓட்டத்தில் அதனோடு கழித்துப் பார்ப்பதே நான் விரும்பும் வழி. முழு நிமிடத்தின் சராசரி அதில் கிடைக்கிறது. கணினி மறுதொடக்கம் ஆனால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. கணினி தொடங்கிய நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, அது மாறியிருந்தால் அந்த ஒரு அளவை விட்டுவிடுங்கள்.

மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியிலிருந்து, அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் நூலகம் வழியாகக் கண்காணிப்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. 'இன்ஃபோ' அழைப்பு திருப்பித் தரும் ஐந்து மதிப்புகளில் கடைசியானது சிபியு நேரம். அதுவும் மொத்தக் கணக்குதான், நானோநொடிகளில். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைக் கழிந்த நேரத்தால் மட்டும் வகுத்தால் போதாது, மெய்நிகர் சிபியுக்களின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு சிபியு உள்ள கணினி 400 சதவீதம் வரை காட்டும். கழிந்த நேரத்தையும் 'டைம்.டைம்' கொண்டு அளக்காதீர்கள். கடிகாரம் திருத்தப்படும்போது அது முன்னும் பின்னும் தாவும். பைத்தான் 3.3 முதல் இருக்கும் 'டைம்.மோனோடோனிக்' பின்னோக்கிப் போவதே இல்லை.

திருடப்பட்ட நேரம்

மெய்நிகர் கணினிக்கே உரிய தவறு இது. ஒரே ஹோஸ்டில் பல மெய்நிகர் கணினிகள் சிபியுவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உங்கள் கணினி வேலை செய்யத் தயாராக இருந்தும், ஹோஸ்டில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அந்த நேரத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால், அது 'ஸ்டீல்' என்ற பெயரில் பதிவாகிறது. '/ப்ராக்/ஸ்டாட்' கோப்பின் சிபியு வரியில் எட்டாவது எண் அதுதான், லினக்ஸ் 2.6.11 முதல் இருக்கிறது.

பிஎஸ்யூட்டில் தரும் ஒற்றைச் சதவீதத்தில், சும்மா இருந்த நேரமும் வட்டுக்காகக் காத்திருந்த நேரமும் தவிர மற்ற எல்லாமே 'வேலை' என்று சேர்கிறது. திருடப்பட்ட நேரமும் அதில் அடக்கம். திரையில் 90 சதவீதம் தெரியும். அதில் 50 மட்டும் உங்கள் நிரல்கள் செலவிட்டதாகவும், மீதி 40 உங்களுக்குக் கிடைக்காமலே போனதாகவும் இருக்கலாம். நான் ஒருமுறை இரண்டு நாட்கள் ஒரு நிரலின் வேகத்தைக் கூட்ட உழைத்தேன். எதுவும் மாறவில்லை, ஏனென்றால் நெரிசல் ஹோஸ்டில் இருந்தது. 'சிபியு_டைம்ஸ்_பர்சென்ட்' அழைப்பில் இந்த எண் தனியாகவே வருகிறது. அதை எப்போதும் தனி வரியாகப் பதிவு செய்யுங்கள். கேவிஎம், ஸென் ஆகிய ஹைப்பர்வைசர்கள் இதை உள்ளே இருக்கும் லினக்ஸுக்குத் தெரிவிக்கின்றன. எல்லா ஹைப்பர்வைசர்களும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே பூஜ்யம் தெரிந்தால் திருட்டே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

நினைவகம்: காலி வேறு, கிடைப்பது வேறு

'ஃப்ரீ' என்ற எண் குறைந்ததும் எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்டுகள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. கர்னலே இந்த மதிப்பீட்டை 2014இல் வந்த 3.14 பதிப்பு முதல் கணக்கிட்டுத் தருகிறது.

மெய்நிகர் கணினியில் இதற்கு மேலும் ஒரு அடுக்கு உண்டு. பலூன் இயக்கி (உள்ளிருந்து நினைவகத்தைப் பிடித்து ஹோஸ்டுக்கு விட்டுக்கொடுக்கும் நிரல்) வழியாக ஹோஸ்ட் நினைவகத்தைத் திரும்பப் பெறும்போது, உள்ளே தெரியும் மொத்த அளவே குறையலாம். நிரல்கள் ஒரு பைட் கூட அதிகம் எடுக்காமலே சதவீதம் ஏறும். சதவீதத்தை மட்டும் சேமித்துவைத்தால் பின்னால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. மொத்தத்தையும் கிடைப்பதையும் பைட்டுகளிலேயே சேமியுங்கள், சதவீதத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கணக்கிடலாம்.

ஹோஸ்ட் பக்கத்தில் 'இன்ஃபோ' சொல்லும் நினைவகம் ஒதுக்கப்பட்ட அளவு, பயன்படுத்தப்படும் அளவு அல்ல. பயன்பாடு தெரிய 'மெமரிஸ்டாட்ஸ்' வேண்டும். அதற்கும் உள்ளே பலூன் இயக்கி இருக்க வேண்டும், 'செட்மெமரிஸ்டாட்ஸ்பீரியட்' மூலம் புதுப்பிக்கும் இடைவெளியும் அமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எப்போதோ எடுத்த பழைய எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வட்டு

இடம் இருந்தும் கோப்பு எழுத முடியவில்லை என்றால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கலாம். 'டிஸ்க்_யூசேஜ்' இதைக் காட்டாது, 'ஓஎஸ்.ஸ்டாட்விஎஃப்எஸ்' காட்டும். தேவைக்கேற்ப வளரும் க்யூகவ்2 போன்ற வட்டுக் கோப்புகளில் இன்னொரு குழி இருக்கிறது. உள்ளே பாதி வட்டு காலியாகத் தெரியும்போதே ஹோஸ்டின் சேமிப்பகம் நிரம்பி, மெய்நிகர் கணினி இடைநிறுத்தப்படலாம். உள்ளிருந்து எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் இது தெரியாது.

எச்சரிக்கையும் மௌனமும்

ஒரே ஒரு அளவு எல்லை தாண்டியதும் மின்னஞ்சல் அனுப்பினால், சில நாட்களில் அந்த மின்னஞ்சலை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். தொடர்ந்து ஐந்து அளவுகள் 90க்கு மேல் இருந்தால் எச்சரிக்கை, 80க்குக் கீழே இறங்கினால்தான் நீக்கம் என்று இரண்டு எல்லைகள் வையுங்கள். செயல்முறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது நடுவில் ஒன்று முடிந்துபோவது இயல்பு. 'நோசச்பிராசஸ்' விதிவிலக்கைக் கையாளாவிட்டால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே விழும். கணினி திணறும்போது முந்தைய ஓட்டம் முடிவதற்குள் க்ரான் அடுத்ததைத் தொடங்கி, நெருக்கடியை இன்னும் கூட்டும். 'எஃப்லாக்' பூட்டு ஒன்று போதும், இதைத் தடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் விடக் கனமான தவறு, கண்காணிக்கப்படும் கணினியின் உள்ளே மட்டும் கண்காணிப்பை வைப்பது. கணினி உறைந்துவிட்டால் எச்சரிக்கை அனுப்ப வேண்டிய ஸ்கிரிப்டும் சேர்ந்தே உறைந்துவிடும். வரைபடத்தில் கோடு நின்றிருக்கும், மின்னஞ்சல் எதுவும் வராது, எல்லாம் அமைதியாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஓட்டத்திலும் நேரத்தோடு ஒரு உயிர்க்குறியை வெளியே உள்ள வேறொரு கணினிக்கு அனுப்பட்டும். அந்தக் கணினி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கடைசிக் குறி வந்து மூன்று நிமிடம் ஆகிவிட்டால் குரல் கொடுப்பது.