ரிவர்ஸ் தோள்மூட்டு: கை மேலே போகிறது, முதுகுக்குப் போகவில்லையே?

ரிவர்ஸ் தோள்மூட்டு அறுவை (மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் இடம்மாற்றிப் பொருத்துவது) முடிந்து ஒரு நோயாளிக்கு ஆறு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கமாக 140 டிகிரி வரை கை தூக்குகிறார். ஆனால் இடுப்புக்குப் பின்னால் கை எட்டவில்லை. கழிவறையில் சுத்தம் செய்துகொள்ள மற்றக் கையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. "இன்னும் பிசியோதெரபி தேவை" என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். பல நேரங்களில் அந்தக் கை பயிற்சி போதாமல் நின்றுபோகவில்லை. கிண்ணத்தின் பிளாஸ்டிக் விளிம்பு எலும்பில் எங்கே இடிக்கும் என்பது அறுவை அரங்கிலேயே முடிவாகிவிட்டது.

இந்த அறுவைக்குப் புதிதாக வருபவர்கள், முன்னவர்கள் செய்து திருத்திக்கொண்ட தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். தொற்று, ஸ்குரூ நீளம் போன்றவற்றை எல்லாப் பாடநூலும் சொல்லும். இங்கே அசைவைப் பற்றி மட்டும்.

1985-ல் பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் கொண்டுவந்த யோசனை எளிமையானது: பந்தை ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு) பக்கம் பொருத்து, கிண்ணத்தைக் கைஎலும்பில் வை, சுழற்சி மையத்தை உள்ளேயும் கீழேயும் தள்ளு. ரோட்டேட்டர் கஃப் (மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் தசைகள்) இல்லாமலே டெல்டாய்டு (தோளின் வெளிப்புறப் பெருந்தசை) கையைத் தூக்கிவிடும். 1991-ல் வந்த டெல்டா 3 வடிவமைப்பில் அரைக்கோளப் பந்து நேராக க்ளீனாய்டு (ஸ்கேபுலாவின் மூட்டுக் குழி) மேலேயே உட்கார்ந்தது. கைஎலும்புப் பக்கம் கழுத்துக் கோணம், அதாவது தண்டுக்கும் கிண்ணத்தின் அச்சுக்கும் இடையே, 155 டிகிரி. கை தூக்கும் வேலையை அது நன்றாகவே செய்தது. சுழற்சிதான் குறைபட்டது. பின்னால் வந்த மாற்றங்களில் பெரும்பகுதி அந்தச் சுழற்சியை மீட்பதற்கானவை. மீட்கும் வேகத்தில்தான் கீழே சொல்லும் பெரிய தவறு நடக்கிறது.

லேட்டரலைசேஷனை (கையை வெளிப்புறம் தள்ளுவதை) ஒரே எண்ணாக எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. இன்றும் எரிச்சல் தருவதும் இதுதான். "இது லேட்டரல் டிசைன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கையை வெளியே தள்ள இரண்டு இடங்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

க்ளீனாய்டு பக்கம் தள்ளினால், அதாவது பந்தின் ஆஃப்செட்டையோ (வெளியே விலகும் அளவு) பேஸ்பிளேட்டுக்கு (பந்தைத் தாங்கும் தட்டு) அடியில் வைக்கும் எலும்பு ஒட்டையோ கூட்டினால், சுழற்சி மையமே வெளியே வருகிறது. ஸ்கேபுலா கழுத்துக்கும் லைனர் (கிண்ணத்தின் பிளாஸ்டிக் உள்ளுறை) விளிம்புக்கும் நடுவே இடம் கிடைக்கிறது. கை உடலோடு ஒட்டும், பின்னால் போகும், சுழலும், நாட்சிங் (விளிம்பு இடித்துக் கழுத்து எலும்பு அரிபடுவது) குறையும். இதற்கு விலை உண்டு. டெல்டாய்டின் நெம்புகரம் குட்டையாகிறது, அதே கையைத் தூக்க அதிக விசை வேண்டியிருக்கிறது, பேஸ்பிளேட்டின் அடியில் நழுவல் விசை ஏறுகிறது.

கைஎலும்புப் பக்கம் தள்ளினால், அதாவது ஆன்லே ட்ரே (எலும்பின் வெட்டுமுகத்தின் மேல் உட்காரும் தட்டு), வளைந்த ஸ்டெம் (எலும்புக்குள் இறங்கும் தண்டு), குறைந்த கழுத்துக் கோணம் ஆகியவற்றால், சுழற்சி மையம் இருந்த இடத்திலேயே இருக்கும். டெல்டாய்டு எலும்பைச் சுற்றி வளைந்து ஓடும். மிச்சமிருக்கும் கஃப் தசைகள் இழுபடும். அதனால் வெளிச்சுழற்சிக்கு உதவி கிடைக்கும். ஆனால் பந்துக்கும் ஸ்கேபுலா கழுத்துக்கும் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. கழுத்தில் இடிப்பதைத் தீர்க்க ஆன்லே ஸ்டெம் தேடுபவர் தவறான கதவைத் தட்டுகிறார். அங்கே ஏதாவது பலன் வந்தால், அது ஸ்டெம்மோடு கூட வந்த கோண மாற்றத்தின் பலன்.

இனி கணக்கு. வெளிச்சுழற்சி தளர்வாக இருக்கிறது, மூட்டும் கொஞ்சம் ஆடுகிறது என்று 6 மி.மீ. தடிமன் கூடுதலான லைனரைப் போடுகிறோம் என்று வையுங்கள். அந்த 6 மி.மீ. கிண்ணத்தின் அச்சு வழியாகத்தான் போகும். 155 டிகிரி ஸ்டெம்மில் அந்த அச்சு கைஎலும்பின் தண்டிலிருந்து 25 டிகிரிதான் விலகியிருக்கிறது. ஆகவே கை தொங்கும் நிலையில், எலும்பு ஏறக்குறைய 5.4 மி.மீ. கீழே இறங்கும், வெளியே வருவது 2.5 மி.மீ. மட்டும். 135 டிகிரி ஸ்டெம்மில் அதே லைனர் கீழே 4.2, வெளியே 4.2 என்று சமமாகப் பிரியும். வெளிச்சுழற்சிக்காகப் போட்ட லைனர் 155 டிகிரியில் பெரும்பாலும் கையை நீளமாக்கும் வேலையைத்தான் செய்கிறது. மூட்டு இறுகுகிறது, அசைவு வருவதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 6 மி.மீ. ஆஃப்செட் உள்ள பந்து, ஆன்லே ஸ்டெம், மேலே 6 மி.மீ. லைனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லலாம். மூன்றும் ஒரே தோளில், அதுவும் சிறிய உடலும் மெலிந்த எலும்பும் உள்ள வயதான பெண்ணின் தோளில் சேரும்போது மூட்டு உள்ளே போக மறுக்கும். சப்ஸ்கேபுலாரிஸ் (மூட்டின் முன்பக்கத் தசை) தன் இடத்தை எட்டாது. கன்ஜாய்ன்ட் டெண்டன் (மூட்டின் முன்னால் ஓடும் தசைநாண்) வில்நாண் போல விறைத்து நிற்கும். இந்த நிலையில் நெம்பி உள்ளே தள்ளினால் மூட்டு பொருந்திவிடும், எக்ஸ்ரேயும் அழகாக இருக்கும். சில மாதங்கள் கழித்து, விழாமல் அடிபடாமல், தோளின் மேற்பக்கம் புது வலி ஆரம்பிக்கும். தூக்கிய கை மெல்லத் தாழும். அக்ரோமியனிலோ (தோளின் உச்சி எலும்பு) ஸ்கேபுலா முள்ளிலோ அழுத்த முறிவு. தொடக்க எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சந்தேகம் வந்தால் சிடி எடுக்க வேண்டும். கை 2.5 செ.மீ.க்கு மேல் நீண்டுவிட்டால் நரம்பு இழுபடும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். திட்டமிடும்போதே க்ளீனாய்டு பக்கம் எவ்வளவு, கைஎலும்புப் பக்கம் எவ்வளவு, கீழ்நோக்கி எவ்வளவு என்று மூன்று எண்களைத் தனித்தனியே எழுதுங்கள். இரண்டு கைஎலும்புகளையும் அளவுக்குறி வைத்து முழுநீள எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒப்பிட அது நம்பகமான வழி. டிரையல் (பொருத்திப் பார்க்கும் மாதிரி) இறுக்கமாக இருந்தால் முதலில் லைனரைக் குறையுங்கள், பிறகு ட்ரேயை, பிறகு பந்தின் அளவை. ஸ்டெம் சிமென்ட் ஆன பிறகு இந்த யோசனை வந்து பயனில்லை.

அறுவைக்குப் பின் எடுக்கும் நேர்ப்பார்வை எக்ஸ்ரேயில் இரண்டு கோணங்களை அளந்து வையுங்கள். டிஸ்டலைசேஷன் (கை கீழே இறங்கிய அளவு) கோணம் 40 முதல் 65 டிகிரிக்குள் இருந்தால் கை தூக்குதலும், லேட்டரலைசேஷன் கோணம் 75 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் வெளிச்சுழற்சியும் நன்றாக அமைகின்றன என்று சொல்லப்படுகிறது. இந்த எல்லைகள் வழிகாட்டிகள் மட்டுமே. ஒரு கோணத்துக்காக இறுக்கத்தை மறந்துவிடக் கூடாது.

பேஸ்பிளேட் மேலே ஏறிப்போவது

பந்து க்ளீனாய்டின் கீழ் விளிம்பைத் தாண்டிச் சற்றுத் தொங்க வேண்டும். 25 மி.மீ. பேஸ்பிளேட்டைக் கீழ் விளிம்போடு சமமாக வைத்து, மையம் விலகாத 36 மி.மீ. பந்தைப் பொருத்தினால் 5.5 மி.மீ. தொங்கல் கிடைக்கும். பேஸ்பிளேட் 29 மி.மீ. என்றால் அது 3.5 ஆகிவிடும். பேஸ்பிளேட் 4 மி.மீ. மேலே ஏறினால் அந்தத் தொங்கலும் போய், கையை உடலோடு ஒட்டும் ஒவ்வொரு முறையும் லைனர் கழுத்தைச் சுரண்டும்.

தவறு தொடங்குவது பெரும்பாலும் அடையாளத்தில். கீழே வளர்ந்திருக்கும் எலும்பு முள்ளையே க்ளீனாய்டின் விளிம்பு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகும். முள்ளை நீக்கிவிட்டு, ஸ்கேபுலாவின் பக்கத் தூணை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வழிகாட்டிக் கம்பியை இறக்குங்கள். முன்-மேல் வழியாகத் திறப்பவர்கள் இரட்டிப்பு கவனத்தோடு இருக்க வேண்டும். அந்த வழி பேஸ்பிளேட்டை மேலேயும் மேல்நோக்கியும் இழுக்கும்.

மேல்நோக்கிய சாய்வு

பேஸ்பிளேட் மேல்நோக்கிச் சாய்வது எந்த வடிவமைப்பிலும் கூடாது.

155 நல்லதா, 135 நல்லதா என்ற வாக்குவாதம்

கோணம் குறைந்தால் கை உடலோடு ஒட்டும்போது வரும் இடிப்பு தள்ளிப்போகும். மேலே தூக்கும்போது இடிப்பு சற்று முன்னதாக வரலாம். உடலோடு ஒட்டும் அசைவை அதிகம் தீர்மானிப்பது இந்தக் கோணம். தூக்கும் அசைவின் இடிப்பு எல்லையை அதிகம் தீர்மானிப்பது க்ளீனாய்டு பக்க ஆஃப்செட். கேள்வியைப் பிரித்துக் கேட்டால் வாக்குவாதமே இல்லை.

ஆழமான லைனர்

கழன்றுவிடாமல் பிடிக்கும், விளிம்பு சீக்கிரம் இடிக்கும். கடைசி வழியாக மட்டும்.

எல்லோருக்கும் 20 டிகிரி ரெட்ரோவெர்ஷன்

ரெட்ரோவெர்ஷனை, அதாவது ஸ்டெம்மைப் பின்நோக்கித் திருப்பி வைக்கும் அளவைக் கூட்டினால் வெளிச்சுழற்சி கூடும், உள்சுழற்சி குறையும். கைத்தடியோடு நடப்பவருக்கும், மறுதோளிலும் ரிவர்ஸ் மூட்டு வரப்போகிறவருக்கும் உள்சுழற்சியின் மதிப்பு அதிகம். இரண்டு கையும் முதுகுக்குப் போகாவிட்டால் அந்த மனிதர் அன்றாடம் என்ன செய்வார் என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள்.

மோட்டார் இல்லாத தோளில் இம்பிளான்டைக் குறைசொல்வது

டெரிஸ் மைனர் (கையை வெளியே சுழற்றும் தசை) கொழுப்பாகிவிட்டதென்றால் எந்த ஆஃப்செட்டும் வெளிச்சுழற்சியைத் தராது. ஹார்ன்புளோயர் சோதனையையும் (தூக்கிய கையை வெளியே சுழற்ற முடிகிறதா என்பது), வெளிச்சுழற்சியில் வைத்த கை தானாக உள்ளே சரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு, தசைமாற்றம் தேவையா என்று முன்பே முடிவுசெய்யுங்கள்.

கணினித் திரையின் அசைவெல்லையை நம்புவது

திட்ட மென்பொருள் எலும்பும் இம்பிளான்டும் எங்கே மோதும் என்று காட்டும். தசையின் இறுக்கம் அதற்குத் தெரியாது. சிடி படுத்த நிலையில் எடுத்தது. கூன் விழுந்தவர் எழுந்து நின்றதும் ஸ்கேபுலா முன்னால் சரிந்து உள்நோக்கித் திரும்பிவிடும், திரையில் கண்ட சுழற்சி எல்லைகளும் இடம்மாறும். நின்ற நிலையில் பக்கவாட்டிலும் பின்னாலும் நோயாளியைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

டிரையலைத் தூக்கி மட்டும் பார்ப்பது

ரிட்ராக்டர்களை (காயத்தை விரித்துப் பிடிக்கும் கருவிகளை) எடுத்துவிடுங்கள். கையை உடலோடு ஒட்டி, அந்த நிலையிலேயே வெளியே சுழற்றி, சற்றுப் பின்னால் கொண்டுபோங்கள். விரலைப் பின்-கீழ்ப்புறம் வைத்தால் லைனர் ஸ்கேபுலா தூணில் உரசுவது கைக்குத் தெரியும். பிறகு உள்ளே சுழற்றிப் பாருங்கள். 90 டிகிரி தூக்கிய நிலையில் கிடைக்கும் சுழற்சி, தொங்கும் கையின் சுழற்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. உரசினால் முதலில் கீழ்ப்புற எலும்பு முட்களைத் தேடி நீக்குங்கள். அதற்குப் பிறகும் உரசினால் பந்தை மாற்றுங்கள்.

பிசியோதெரபிஸ்டுக்கு வெறும் தேதியை அனுப்புவது

கையைப் பின்னால் நீட்டி, உடலோடு ஒட்டி, உள்ளே சுழற்றும் நிலையில்தான் தொடக்க வாரங்களில் மூட்டு கழலும் அபாயம் அதிகம். முதுகைத் தொடவைக்கும் அவசரம் அங்கேதான் கொண்டுபோய் விடும். பந்தின் அளவும் ஆஃப்செட்டும், கழுத்துக் கோணம், லைனர் தடிமன், சப்ஸ்கேபுலாரிஸ் தைக்கப்பட்டதா இல்லையா, மயக்கத்தில் இருக்கும்போது கிடைத்த வெளிச்சுழற்சியும் உள்சுழற்சியும் எத்தனை டிகிரி: இவ்வளவும் டிஸ்சார்ஜ் தாளில் இருந்தால், எந்த எல்லை இறுக்கத்தால் வந்தது, எது பிளாஸ்டிக் எலும்பில் முட்டி நிற்பது என்று பயிற்சி தருபவர் பிரித்தறிய முடியும்.