வளரும் மூளையில் கனெக்சின்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் குழாய்களை அமைக்கும் புரதக் குடும்பமே கனெக்சின். நுண்ணோக்கியில் அது ஒளிரும் புள்ளிகளாகத் தெரிந்ததும் “இந்தச் செல்கள் இணைந்திருக்கின்றன” என்று எழுதிவிடுவதே இந்தத் துறையின் முதல் தவறு. மிகப் பரவலான தவறும் அதுதான். ஆறு கனெக்சின் புரதங்கள் வளையமாகச் சேர்ந்தால் அரைக்குழாய் உருவாகும். அடுத்த செல்லின் அரைக்குழாயோடு அது முனை பொருந்தினால்தான் இடைவெளிச் சந்தி, அதாவது இரு செல்களுக்கும் இடையே நேரடி வழி. புரதம் செல்லுக்குள்ளேயே தேங்கியிருக்கலாம். சவ்வை அடைந்தும் துணையின்றி நிற்கலாம். சந்தி அமைந்த பிறகும் குழாய் மூடிக் கிடக்கலாம். புரதத்தை உருவாக்கும் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவின் அளவை மட்டும் நம்புவது இன்னும் மோசம்; புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. இந்தக் குடும்பத்தின் ஒரு வகையான கனெக்சின் 43 சில மணி நேரத்தில் சிதைந்து, மீண்டும் மீண்டும் புதிதாக உருவாகும் புரதம்.

இணைப்பு இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும் தவறும் உண்டு. லூசிஃபர் மஞ்சள் என்ற ஒளிரும் சாயத்தை ஒரு நியூரானுக்குள் (நரம்புச் செல்லுக்குள்) செலுத்துகிறார்கள். அது பக்கத்து நியூரானுக்குப் போகவில்லை. ‘இணைப்பு இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். நியூரான்களில் முக்கியமான கனெக்சின் 36 அந்தச் சாயத்தை எளிதில் கடக்க விடாது. அதைவிடச் சிறிய மூலக்கூறான நியூரோபயோட்டினையே பயன்படுத்த வேண்டும். எலிகளில் கனெக்சின் 36 மிகுதியாக இருப்பது பிறந்த முதல் இரண்டு வாரங்களில். சாயத்தைத் தவறாகத் தேர்ந்தால், பார்க்க வேண்டிய காலத்தையே பார்க்காமல் விட்டுவிடுவோம்.

முதிர்ந்த மூளையின் வரைபடத்தைக் கருவின் மீது ஒட்டவும் கூடாது. கருவின் மூளைப் புறணியில் ரேடியல் கிளியா செல்கள் (நியூரான்களை உருவாக்கி, அவை நகர்வதற்கு வழிகாட்டும் செல்கள்) கனெக்சின் 26, 43 இரண்டையும் கொண்டிருக்கின்றன. நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டு செல்களில் கனெக்சின் 30 தலைகாட்டுவது பிறப்புக்குப் பிறகுதான். சுண்டெலிக் குட்டியும் மனிதக் குழந்தையும் பிறக்கும்போது மூளை வளர்ச்சியின் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கனெக்சின் என்றால் குழாய் மட்டுமே என்ற எண்ணம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2007-இல் எலியாஸ், வாங், கிரீக்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எலிக் கருக்களில் அழகான ஒன்றைக் காட்டினார்கள். இளம் நியூரான்கள் ரேடியல் கிளியா இழைகளைப் பற்றி மேலேறிச் செல்ல கனெக்சின் 26-உம் 43-உம் தேவை. ஆனால் குழாய் திறந்திருப்பது தேவையில்லை. செல்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதே அங்கே அவற்றின் வேலை. ஆகவே குழாயை அடைத்தும் மாற்றம் தெரியவில்லை என்றால், கனெக்சினுக்குப் பங்கில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

குழாய்களை அடைக்கப் பயன்படும் கார்பெனாக்சலோன் மருந்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் வேண்டாம். அது பானெக்சின் என்ற வேறொரு புரதத்தின் குழாய்களையும் அடைக்கும். கனெக்சினை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியை, அந்தக் கனெக்சினின் மரபணு நீக்கப்பட்ட விலங்கின் திசுவில் கட்டாயம் சோதியுங்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் கனெக்சின் 43-க்குப் பல பட்டைகள் தெரிந்தால் அசுத்தம் என்று ஒதுக்க வேண்டாம்; பாஸ்பேட் சேர்ந்த வடிவங்கள் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். கனெக்சின் 43 முற்றிலும் இல்லாத சுண்டெலிகள் இதயக் கோளாறால் பிறந்தவுடன் இறந்துவிடுகின்றன. பிறப்புக்குப் பிந்தைய மூளையை ஆராய, மூளைச் செல்களில் மட்டும் அந்த மரபணுவை நீக்கிய விலங்குகள் வேண்டும்.