திரை அணைந்த பிறகும் கரையும் டேட்டா

தினசரி 1.5 ஜிபி பேக் மதியமே தீர்ந்துவிடுகிறதா? போனைத் தொடாதபோதும் ஆப்கள் பின்னணியில் டேட்டாவை இழுத்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 7-இல் இருந்தே இதைத் தடுக்கும் 'டேட்டா சேவர்' வசதி உண்டு. செட்டிங்ஸில் தேடி ஆன் செய்யுங்கள். மெசேஜ்கள் தாமதமாகலாம் என்பதால் வாட்ஸ்அப், வங்கி ஆப் போன்றவற்றுக்கு மட்டும் அங்கேயே 'அன்ரெஸ்டிரிக்டட் டேட்டா' அனுமதி கொடுங்கள்.

பலரும் கவனிக்காதது ஹாட்ஸ்பாட். இன்னொருவர் போனிலிருந்து நெட் வாங்கும்போது, அதை வீட்டு வைஃபை என்று நினைத்து உங்கள் போன் ஆப் அப்டேட்டையும் போட்டோ பேக்கப்பையும் தொடங்கிவிடலாம். கரைவது கொடுத்தவரின் பேக் அல்லவா! வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பெயரைத் திறந்து, 'நெட்வொர்க் யூசேஜ்' என்பதில் 'மீட்டர்ட்' (அதாவது, அளவோடு செலவிட வேண்டிய இணைப்பு) எனத் தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவுக்கான 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். குடும்ப குரூப்பில் வரும் வீடியோக்கள் நீங்கள் தொட்டால் மட்டுமே இறங்கும்.