ஈமு கணக்கிலிருந்து ஒரு பாடம்

பள்ளியில் முதலிடம் பொருளியலுக்கா, நற்பண்புக்கா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, இரண்டையும் ஒரே பாடத்தில், கணக்கை முன்னும் கேள்வியைப் பின்னுமாக வைத்து நடத்துங்கள் என்பதே. கொங்குப் பகுதியில் ஒன்பதாம் வகுப்புக்கு இதற்கு ஏற்ற பொருள், 2012-இல் ஈரோடு மாவட்டப் பெருந்துறை வட்டாரத்தில் சரிந்து விழுந்த ஈமு வளர்ப்புத் திட்டங்கள்: பணம் கட்டினால் ஈமு என்ற பெரிய பறவையின் குஞ்சுகளை வளர்க்கக் கொடுத்து, மாதாமாதம் ஒரு தொகையும் தருவதாகச் சொன்னவை.

முதல் பாடவேளையில் பயிற்சிக்கென ஒரு தொகையை வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதுங்கள்: ஒன்றரை இலட்சம் கட்டினால் மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000, அதாவது 48 விழுக்காடு என்று மாணவர்கள் கணக்கிட்டதும், வங்கி வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, நம் ஊர்ச் சந்தையில் ஈமுக்கறி விற்றுப் பார்த்தவர் உண்டா என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவரின் பணம்தான் பழையவரின் கைக்குப் போனது என்பதை நீங்களாகச் சொல்லிவிடாமல், அவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

இரண்டாம் பாடவேளைக்கு முன் ஓர் எச்சரிக்கை: வகுப்பில் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டில் பணம் போயிருக்கக்கூடும், ஆகவே யாரையும் சொந்த வீட்டுக் கதை சொல்ல எழுப்ப வேண்டாம். கற்பனையான ஒருவரைப் பற்றிக் கேளுங்கள். முதலிலேயே சேர்ந்து, போட்டதற்கு மேல் எடுத்துவிட்ட அவர், தம் அத்தையையும் சேர்த்துவிட்டிருந்தார். அத்தையின் பணம் திரும்பவில்லை. அவர் அத்தைக்குக் கடன்பட்டவரா? முதல் நாள் கணக்குப் போடாத வகுப்பில் "பேராசை கூடாது" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். கணக்கோடு நின்றுவிட்ட வகுப்போ, சீக்கிரம் சேர்ந்து சீக்கிரம் வெளியேறும் சாமர்த்தியத்தை மட்டுமே கற்றுக்கொண்டு போகும். இந்த இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

திருப்பூரின் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் கதையையும் இவ்வாறே நடத்தலாம். பனியன் விலையில் நூல், பின்னல், சாயம், தையல் கூலி எல்லாம் இருந்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு மட்டும் விடுபட்டால், அதை நொய்யலின் குறுக்கேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய விவசாயி தம் நிலத்தால் கட்டுகிறார். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது கூலி இழந்த தொழிலாளியையும் அந்தக் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள்.

மதிப்பெண்ணைக் கணக்குக்கும் காரணம் காட்டியதற்கும் மட்டும் இடுங்கள். அத்தைக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று எழுதிய பிள்ளையின் விடைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்காமல், "அத்தை நீயாக இருந்தால்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.